அஸ்திவாரத்தைப் பார்த்தே ராட்டினத்தைச் சொல்பவர்கள்

கணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு ரோலர் கோஸ்டர் பற்றி எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். நமக்குத் தெரிந்த ராட்டினம் எல்லாம் திருவிழாவுக்கு லாரியில் வந்து, நாலு நாளில் கழற்றிக் கொண்டுபோவதுதான். ஆனால் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கு. பூங்கா திறந்த பிறகு போய் விளையாடுவதைவிட, அது கட்டப்படும்போது பார்ப்பதில்தான் அவர்களுக்கு ருசி அதிகம். அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை நமக்கு எதற்கு உதவும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு வித்தியாசம். ராட்டினங்கள் நிறைந்த பூங்கா வேறு, கருப்பொருள் நிலம் வேறு. இரண்டாவதில் மண், பாறை, சுவர், குப்பைத்தொட்டி வரை எல்லாமே ஒரே கதையைச் சொல்ல வேண்டும். வெளியுலகம் கண்ணில் படக்கூடாது. 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் கட்டியபோது, சுற்றிலும் மண்மேடு எழுப்பி வெளியே இருந்த ஊரை மறைத்தார்கள். 2019-ல் திறந்த ஸ்டார் வார்ஸ் நிலம், ஒவ்வொரு பூங்காவிலும் 14 ஏக்கர். அங்கே வானுயர நிற்கும் 'பாறைகள்' உண்மையில் கம்பிக்கூடுகள். மேலே கான்கிரீட்டைப் பீய்ச்சி, ஈரம் காய்வதற்குள் கையால் செதுக்கி, வர்ணம் பூசியிருக்கிறார்கள். பின்னால் இருப்பது நம்ம ஊர் குடோன் மாதிரி ஒரு தகரக் கட்டடம்தான்.

நம்ம பக்கத்தில் இதற்கு நெருங்கிய அனுபவம் வேண்டுமானால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஸ்ரீபுரத்தைச் சொல்வேன். 2007 ஆகஸ்டில் குடமுழுக்கு நடந்தது. பொற்கோயிலுக்கு நேராகப் போய்விட முடியாது. நட்சத்திர வடிவப் பாதையில் சுமார் 1.8 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். அது வழிபாட்டு இடம், பூங்காவோடு ஒப்பிடுவது என் நோக்கமில்லை. நடக்க வைத்து மனசைத் தயார் பண்ணும் அந்தப் பாதைதான் இங்கே விஷயம். வடிவமைப்பாளர்கள் வேலையில் பாதி அதுதான்.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவின் சென்னைப் பூங்கா 2025 டிசம்பர் 2 அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. சுமார் 64 ஏக்கர், சுமார் 611 கோடி ரூபாய். அங்கே உள்ள பெரிய ராட்டினத்தின் பெயர் தஞ்சோரா. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம் செய்தது. இந்தியாவுக்கு வந்த அவர்களுடைய முதல் தொங்கு கோஸ்டர் இது. தண்டவாளம் மேலே, இருக்கை கீழே, கால் அந்தரத்தில். இந்த வகையை அவர்கள் முதன்முதலாக 1992-ல் அமெரிக்காவில் நிறுவினார்கள்.

இந்த மாதிரி ராட்டினம் வரப்போகுது என்றால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்?

முதலில் அஸ்திவாரம். கான்கிரீட் திட்டும், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளும் நிறையச் சொல்லும். நெருக்கமாக, ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருந்தால் அது ரயிலை மேலே இழுக்கும் ஏற்றமாகவோ, பிரேக் பகுதியாகவோ இருக்கும். ஒரு திட்டு மட்டும் மற்றதைவிடப் பெரிது என்றால், அங்கே தூண் உயரம், அல்லது வளைவில் பக்கவாட்டு விசை அதிகம். புள்ளிகளை ஒரு வரைபடத்தில் போட்டால், தண்டவாளம் வருவதற்கு முன்பே பாதையை ஓரளவு ஊகித்துவிடலாம். அடுத்து தூண்கள், அப்புறம் தண்டவாளம், கடைசித் துண்டு பொருந்தி வளையம் முழுமையாகும் நாள். பிறகு ஆளில்லாத சோதனை ஓட்டம், அதன்பின் இருக்கையில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள். பொம்மைகள் ஏறிவிட்டால் திறப்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அலங்காரம் எப்போதும் கடைசியில்தான் வரும். அதனால்தான் காசு தீரும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. தஞ்சாவூர் என்று பெயர் வைத்தால் மட்டும் போதுமா, வரிசையில் நிற்கும் இடத்திலேயே தஞ்சாவூர் தெரிய வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. அங்கே போகிறவர்கள், ஏறும் முன் சுற்றுமுற்றும் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க.

அமெரிக்காவில் ரசிகர்கள் ஹெலிகாப்டரில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் வேறு வழிகள் உண்டு. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்க்கலாம். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். அந்த ஆவணங்கள் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. வொண்டர்லா 2014 முதல் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம். ஐந்தொகையில் 'முடியாத மூலதனப் பணி' என்று ஒரு வரி இருக்கும். சிமெண்டும் இரும்பும் இறங்க இறங்க அந்த எண் ஏறும், பூங்கா திறந்ததும் சட்டென்று இறங்கும். மண்ணைத் தொடாமலே வேலை நடக்குதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்படிப் பார்க்கும்போதுதான் தாமதத்தின் காரணமும் பிடிபடும். சென்னைத் திட்டம் பற்றிய பேச்சு பல வருடப் பழசு. தடை பொறியியலில் இல்லை, வரியில். 2017 ஜூலையில் பூங்காக்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டில் உள்ளாட்சி கேளிக்கை வரி 10 சதவீதம் தனியாக நின்றது. அடக்க விலை 1000 ரூபாய் டிக்கெட்டுக்கு 180-ம் 100-ம் சேர்ந்தால் 280. அதைக் காரணம் காட்டி நிறுவனம் காத்திருந்தது. அரசு பத்து ஆண்டுகளுக்கு விலக்குக் கொடுத்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. அதற்குள், சென்னைக்குப் பிறகு பேச்சில் வந்த புவனேஸ்வர் பூங்கா 2024 மே மாதமே திறந்துவிட்டது.

இதில் யார் சரி என்று சொல்வது சுலபமில்லை. அந்தப் பத்து சதவீதம் உள்ளாட்சிக்குப் போகும் பணம், அதாவது ஊரின் தெருவிளக்கும் குடிநீரும். மறுபக்கம், பூங்கா வரவே இல்லை என்றால் பத்து சதவீதமும் பூஜ்யம், அங்கே கிடைக்கும் வேலைகளும் பூஜ்யம். விலக்கு முடியும் வருடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் ரசிகர்கள் இதே ஆர்வத்தோடு கவனித்தால் நல்லது.

கடைசியாக, நான் இதில் கற்றுக்கொண்டது. நல்ல ரசிகர்களிடம் ஒரு ஒழுக்கம் உண்டு. கண்ணால் பார்த்தது, ஆவணத்தில் உள்ளது, யாரோ சொன்னது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவார்கள். படத்தில் தேதி இருக்கும். ஊகம் தப்பினால் ஒத்துக்கொள்வார்கள்.

இதையே வேலூர்க்காரர்கள் நாம் ஏன் செய்யக்கூடாது? அப்துல்லாபுரம் விமான நிலையம் உடான் திட்டத்தில் தேர்வானது. ஓடுபாதை, முனையம் என்று வேலைகள் நடந்தன. விமானம் வரும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு அறிவிப்பையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அன்றைய படத்தை ஒட்டி வைத்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் தெருவில் கட்டும் கால்வாய்க்கும் இதே முறைதான். வாரம் ஒரு படம், தேதி, பலகையில் எழுதியுள்ள மதிப்பீட்டுத் தொகை. பலகையே இல்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

ராட்டினத்துக்காக ஒருத்தர் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்றால், நம்ம தெருக் கால்வாய்க்கு அதில் பாதியாவது செய்யலாம்.