மணிலாச் செடியில் இருப்பதெல்லாம் பகைப் பூச்சி அல்ல

ஆடிப்பட்டத்து மானாவாரி மணிலா முளைத்து இருபது, இருபத்தைந்து நாள் ஆனதும் போளூர், கலசப்பாக்கம், சேத்துப்பட்டுப் பக்கங்களில் கைத்தெளிப்பான்கள் வெளியே வந்துவிடுகின்றன. கொழுந்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறது. பக்கத்திலேயே புழு போல ஒன்று ஊர்கிறது. மருந்துக் கடையில் போய்ச் சொன்னால் ஒரு புட்டி கிடைக்கிறது. விதைப் பருப்புக்கும் களையெடுப்புக் கூலிக்கும் பணம் கரைந்த பிறகு இந்தச் செலவு வேறு. அந்தப் புட்டி பகைப் பூச்சியோடு, கூலி வாங்காமல் நமக்கு வேலை செய்யும் பூச்சியையும் சேர்த்தே கொல்கிறது. நமக்கு உதவும் பூச்சிகளின் இளம் பருவம் பெரும்பாலும் பார்க்கவே அருவருப்பாக இருப்பதால், அவற்றைத்தான் முதல் குற்றவாளி என்று நினைத்துவிடுகிறோம்.

கொழுந்தில் அப்பியிருக்கும் கறுப்புப் பூச்சி அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வதுண்டு. கொழுந்து, பூ, விழுது ஆகியவற்றில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும், இலை சுருளும். இது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் செடியில் ஏறி இறங்கும். எறும்பு வரிசையைக் கண்டால் அசுவினி இருக்கிறதென்று கொள்ளலாம். இந்த எறும்புகள் மாடு மேய்ப்பவனைப் போல அசுவினியைக் காவல் காத்து, அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டவும் செய்யும்.

முதலை போன்ற புழு

அசுவினியைத் தின்பவற்றில் முதலிடம் பொறிவண்டுக்கு. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த வழவழப்பான முதுகில் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும் சிறு வண்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அதன் புழுவைத் தெரிந்தவர்கள் குறைவு. சாம்பல் கலந்த கறுப்பு நிறம், மேலே மஞ்சளும் வெண்மையுமான திட்டுகள், முன்பக்கம் ஆறு கால்கள், வால் பக்கம் குறுகல் என்று குட்டி முதலையைப் போல இருக்கும். செடியில் வேகமாக ஓடும். இதைப் பார்த்துப் பயந்து மருந்தடிப்பவர்கள் பலர். உண்மையில் இந்தப் புழு வண்டைவிடப் பெருந்தீனிக்காரன் என்றே சொல்லலாம். வளர்ந்த புழு ஒரு நாளில் இருபது, முப்பது அசுவினியைச் சாதாரணமாகத் தின்றுவிடும். இலையில் செங்குத்தாக நட்டு வைத்தது போல மஞ்சள் முட்டைகள் சிறு குவியலாக இருந்தால் அவையும் பொறிவண்டின் முட்டைகளே. இலையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பது அதன் கூட்டுப்புழு. அதை நோய் என்று எண்ணிக் கிள்ளி எறிய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கத்தரியிலும் பாகலிலும் இதே சாயலில் ஒரு வண்டு வரும். முதுகு மங்கிய பழுப்பாக, மெல்லிய ரோமத்தோடு, நிறையப் புள்ளிகளுடன் இருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முட்களுடன் இருக்கும். இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்குவது அதன் வேலை. குடும்பத்தால் பொறிவண்டுக்கு உறவுதான், குணத்தால் பகை. முதுகு பளபளத்தால் நண்பன், மங்கி ரோமமாக இருந்தால் பகைவன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் நம் வயலுக்குப் போதும்.

இலையிலோ தண்டிலோ மயிரிழை போன்ற காம்பின் நுனியில் சிறு மணி ஒட்டியதுபோல் தெரிந்தால் அது பூசணம் அல்ல. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதன் புழுவுக்கு அரிவாள் போன்ற இரு கொம்புகள் முன்னால் நீண்டிருக்கும். அசுவினியைக் குத்தித் தூக்கிச் சாற்றைக் குடித்துவிடும். அசுவினிக் கூட்டத்தின் நடுவே கால் இல்லாமல், சிறு அட்டை போலப் பச்சையாக ஒன்று கிடந்தால் அதுவும் நண்பனே. அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும், தேனீ போலக் கோடு போட்ட ஈயின் புழு அது. அசுவினிகள் சில ஊதி, வைக்கோல் நிறமாகி, முதுகில் வட்டத் துளையுடன் செத்துக் கிடக்கக் காணலாம். கண்ணுக்கே தெரியாத அளவு குளவி உள்ளே முட்டையிட்டு வளர்ந்து வெளியேறியதன் அடையாளம் அது. இலை தின்னும் புழுவின் பக்கத்தில் அரிசி நொய் அளவில் வெள்ளை நூல்கூடுகள் கொத்தாக இருந்தால், அவையும் ஒருவகைக் குளவியின் கூடுகள். பகைப் பூச்சியின் முட்டை என்று நசுக்கிவிடுகிறார்கள்; வேண்டாம். புரோடீனியா புழுக்கள் கருத்துத் தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தால் வைரஸ் நோய் நமக்காக வேலை செய்திருக்கிறது.

மருந்தடித்ததும் எல்லாம் போய்விட்டதே என்று கேட்கலாம். அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அக்குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு, மூன்று வாரம் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் கொன்ற பிறகு முதலில் திரும்புவது பகைதான், காவலன் அல்ல. இரண்டாவது தெளிப்புக்குக் காசு தேட வேண்டியதாகிறது. நெல்லில் புகையானுக்கு இப்படி மருந்தடித்து மருந்தடித்தே பெருக்கிவிட்டதை உணர்ந்து, இந்தோனேசிய அரசு 1986ல் நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

பட்டு நெசவு நடக்கும் நம் பகுதிக்கு இன்னொரு செய்தியும் தொடர்புடையது. 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, சீக்கிரமே மரவள்ளியையும் மல்பெரியையும் பிடித்துக்கொண்டது. மல்பெரியில் கண்டபடி மருந்தடித்தால் இலை தின்னும் பட்டுப்புழுவே செத்துவிடும். கடைசியில் 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூருக்கு வரவழைத்து, வளர்த்து, தமிழ்நாட்டில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுவும் வெள்ளை மாவு பூசியே இருக்கும் என்பதைச் செம்பருத்தி, கொய்யா வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அது மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக இருக்கும். தொட்டால் விறுவிறுவென்று நகரும்.

நண்பர்களை மட்டும் நம்ப முடியாத பகையும் உண்டு. முதல் கனமழைக்குப் பின் மண்ணிலிருந்து கிளம்பும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சி அத்தகையது. வளர்ந்த புழுக்கள் படையாக வயல் விட்டு வயல் நகரும். இதற்கு ஒரு காலத்தில் பி.எச்.சி. தூளைத் தூவினார்கள்; 1997 முதல் அது நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. கோடை உழவு செய்து கூட்டுப்புழுவை வெயிலிலும் மைனா வாயிலும் சாகவிடுவது, மழைக்குப் பின் இரவில் விளக்குப்பொறி வைப்பது, முட்டைக் குவியலுள்ள இலையைப் பறித்து அழிப்பது ஆகியவை பயன் தரும். ஊரார் ஒன்றாகச் செய்தால்தான் பலன். ஒருவர் கொல்லையில் மட்டும் செய்து பயனில்லை.

வாரம் ஒரு முறை காலையில் கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடிகளைக் கொழுந்தோடும் இலை அடியோடும் திருப்பிப் பாருங்கள். அசுவினி உள்ள செடிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பொறிவண்டோ அதன் புழுவோ இருந்தால் நான்கு நாள் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்பது என் கருத்து. இடையில் நல்ல மழை வந்தால் அசுவினி அதிலேயே கழுவப்பட்டுக் குறையும். அசுவினியும் எறும்பும் மட்டும் இருந்து, கொழுந்தும் சுருள ஆரம்பித்தால், அந்தத் திட்டுகளில் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். முழு ஏக்கருக்கானால் 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி 200 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வரப்போரம் காராமணி விதைத்திருந்தால் நண்பர்கள் முதலில் அங்கே வந்து சேர்வார்கள். ஏக்கருக்கு இருபது கவட்டைக் குச்சி நட்டால் இரட்டைவால் குருவி வந்தமர்ந்து புழுவைப் பொறுக்கும்.

இன்னதென்று தெரியாத பூச்சி இருந்தால், இலையோடு மூடி போட்ட புட்டியில் உயிருடன் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிக் கேளுங்கள். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.