ஹெட்போன் மாட்டினால் காது அடைப்பது ஏன்?

காலை ஆறரை மணி. நீங்கள் பள்ளிக்குப் போகும் எம்ஆர்டி ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. இரைச்சல் தாங்காமல் இரைச்சல் நீக்கும் ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். ரயிலின் உறுமல் சட்டென்று அடங்குகிறது. ஆனால், பாட்டு தொடங்கும் முன்பே காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. விமானம் மேலேறும்போது ஏற்படுமே, கிட்டத்தட்ட அதே உணர்வு. சிலருக்கு லேசான தலைவலியும் தலைசுற்றலும்கூட வருவதுண்டு.

இந்தக் கருவி காதைக் கெடுத்துவிடுமோ என்று நீங்கள் யோசித்திருக்கலாம். அந்த அடைப்பைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால், அதே ஹெட்போனில் நாம் கவனிக்காமல் விடும் வேறு சில ஆபத்துகள் உண்டு.

ஒலியை அடக்கும் ஒலி

இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் சிறிய ஒலிவாங்கிகள் இருக்கின்றன. அவை சுற்றுப்புற இரைச்சலைக் ‘கேட்கின்றன’. உள்ளே இருக்கும் சில்லு, அந்த ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உருவாக்குகிறது. இரைச்சல் அலையில் முகடு வரும் இடத்தில் எதிர் அலையில் பள்ளம் வரும். இரண்டும் சேரும்போது இரைச்சல் பெருமளவு குறைகிறது.

அமெரிக்கப் பொறியாளர் அமர் போஸ் 1978ஆம் ஆண்டு சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, எஞ்சின் இரைச்சலால் ஹெட்போனில் இசையை ரசிக்க முடியவில்லை. விமானத்திலேயே உட்கார்ந்து இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். 1989ஆம் ஆண்டு அவரது நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எஞ்சின், ரயில், குளிரூட்டி ஆகியவற்றின் தாழ்ந்த, சீரான ஒலியை இந்த முறை நன்றாக அடக்கும். பேச்சுக்குரல், குழந்தையின் அழுகை போன்ற உயர்ந்த ஒலிகளை அவ்வளவாக அடக்காது. காது அடைப்புக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது.

மூளையின் தப்புக்கணக்கு

உங்கள் செவிப்பறையின் இரு பக்கமும் காற்றழுத்தம் சமமாக இருக்கவேண்டும். விமானம் மேலேறும்போது வெளிப்புற அழுத்தம் குறைவதால் செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைத்து விறைத்துக்கொள்கிறது. விறைத்த பறையால் தாழ்ந்த ஒலிகளுக்கு ஏற்ப நன்றாக அதிர முடியாது. ஆகவே, தாழ்ந்த ஒலி குறைந்தால் அழுத்தம் மாறியிருக்கிறது என்று மூளை கற்று வைத்திருக்கிறது.

ஹெட்போன் தாழ்ந்த ஒலியை மட்டும் நீக்கும்போது மூளை அதே முடிவுக்கு வருகிறது. வல்லுநர்கள் பொதுவாகத் தரும் விளக்கம் இது. உண்மையில் காதுக்குள் காற்றழுத்தம் மாறுவதில்லை. அந்த உணர்வு தொந்தரவு கொடுத்தால், இரைச்சல் நீக்கும் அளவைக் குறையுங்கள். அமைதியான அறையில் அதை அணைத்தே வைக்கலாம்.

உண்மையான ஆபத்து

உட்செவியில், நத்தைக் கூடு போன்ற காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு காதின் காக்ளியாவிலும் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள் உள்ளன. ஒலி அதிர்வை மூளைக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுபவை அவையே. அதிக ஒலியை நெடுநேரம் கேட்டால் அவை அழிந்துபோகும். மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் சிறுவர்களுக்குக் கூறும் பாதுகாப்பு அளவு, 75 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகும். அதனால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 78 டெசிபலில் 20 மணி நேரம், 81ல் 10 மணி நேரம், 84ல் வெறும் 5 மணி நேரம்.

இப்போது கணக்குப் போடுங்கள். பள்ளிக்குப் போகவர நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், ஐந்து நாளில் ஏழரை மணி நேரம். வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் என்றால், வாரத்துக்கு 14 மணி நேரம். மொத்தம் இருபத்தொன்றரை மணி நேரம். 78 டெசிபலிலேயே எல்லை தாண்டிவிட்டது!

சாதாரண ஹெட்போனில், ரயிலின் உறுமலைத் தாண்டிப் பாட்டு கேட்க ஒலியைக் கூட்டுவோம். இரைச்சல் நீக்கும் ஹெட்போனில் அதற்குத் தேவையில்லை. அந்த வகையில் அது காதுக்கு நண்பன். ஆனால், ஒலியைப் பழைய அளவிலேயே வைத்தாலோ, சுகமாக இருக்கிறதே என்று நாள் முழுவதும் மாட்டியிருந்தாலோ அந்த நன்மை போய்விடும்.

வியர்வையும் சாலையும்

நம் ஊர் வெயிலிலும் ஈரப்பதத்திலும், காதுக்குள் செருகும் வகை ஹெட்போன் நெடுநேரம் இருந்தால் காதுத்துளையில் வியர்வை தேங்கும். தானாக வெளியேற வேண்டிய குறும்பியும் தடைபடும். அரிப்பும் கிருமித்தொற்றும் வரலாம். மணிக்கு ஒருமுறை கழற்றிக் காதுக்குக் காற்று விடுங்கள். ரப்பர் முனைகளைத் துடைத்து வையுங்கள். பிறருடன் பகிராதீர்கள்.

சாலையைக் கடக்கும்போது இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். நெருங்கி வரும் பேருந்தின் உறுமலும் தாழ்ந்த ஒலிதான். ஹெட்போன் அதையும் சேர்த்து அடக்கிவிடும்.

ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் ‘கீ’ என்ற ஒலி கேட்டாலோ, பிறர் பேச்சு மந்தமாகக் கேட்டாலோ, அது காதின் எச்சரிக்கை. அடிக்கடி நேர்ந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

நாளைக் காலை ரயிலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்று நீங்கள் வைத்திருக்கும் ஒலி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை, பாட்டு போடும் முன்பே இரைச்சல் நீக்கத்தை இயக்குங்கள். பிறகு ஒலியைப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டி, பாட்டு தெளிவாகக் கேட்டதும் நிறுத்துங்கள். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதுவரை உங்கள் காதுக்கு எவ்வளவு கூடுதல் வேலை கொடுத்தீர்கள் என்பது தெரியும்.