மாத்திரை கலந்த ஓடையில் யாருக்குப் பசி?

மாத்திரையை விழுங்கியதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நம் கிளினிக்குகளில் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் அமோக்சிசிலினை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய 6 முதல் 8 மணி நேரத்துக்குள் அதில் சுமார் 60 விழுக்காடு அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. பிறகு சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், ஆறு. அமோக்சிசிலினாவது தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

இதனால் மீன்கள் செத்தா மிதக்கின்றன? இல்லை. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. மாற்றம் நடப்பது மீனைவிடச் சிறிய உயிர்களின் சாப்பாட்டுத் தட்டில்.

உலு லங்காட் பக்கம் ஓடையில் குளிக்கப் போனால் காலடியில் வழுவழுவென்று இலைகள் படும். விழுந்த புதிதில் அந்த இலை அட்டை மாதிரி. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் குடியேறி மென்மையாக்கிய பிறகுதான் தின்னத் தகுந்ததாகிறது. நம்மூர் தெம்பேயை நினைத்துக்கொள்ளுங்கள்: சோயா அவரையைப் பூஞ்சை பிடித்துக் கட்டியாக்கினால்தானே அது தெம்பே? ஓடையில் இலை தின்னும் பூச்சிக்கும் நண்டுக்கும் அந்தப் பூஞ்சைதான் சத்து, ருசி எல்லாம்.

ஐரோப்பிய ஓடைகளில் இந்த வேலையைச் செய்வது கம்மாரஸ். இறாலின் தூரத்துச் சொந்தம், விரல் நகத்தளவு, முதுகு வளைந்த உடம்பு. ஜெர்மனியில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 5 ஆன்டிபயாட்டிக்குகளைக் கலந்த நீரில் ஊறிய இலைத் துண்டுகளையும், மருந்தில்லாத நீரில் ஊறியவற்றையும் அதன் முன் வைத்தார்கள். மருந்து பட்ட இலையை அது ஒதுக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் மருந்து இருந்த நீரில் ஊறிய இலையைத்தான் அது தேடிப்போய்த் தின்றது! 2 மைக்ரோகிராம் என்றபோது அந்தப் பாகுபாடு தெரியவில்லை.

காரணம் இலையிலேயே இருந்தது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், பூஞ்சையை அல்ல. 1928இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலினே ஒரு பூஞ்சை தயாரித்ததுதான். நாம் மருந்தை ஊற்றும்போது அந்தப் பழைய பங்காளிச் சண்டையில் பூஞ்சையின் பக்கம் நிற்கிறோம். மருந்து பட்ட இலைகளில் பூஞ்சை கூடுதலாக வளர்ந்திருந்தது.

'சாப்பாடு ருசியானால் நல்லதுதானே' என்று கேட்கலாம். ஓடையில் இலை என்பது மாதக் கணக்கில் வைத்துத் தின்னும் மளிகை. மேலே இருப்பவை மென்று விடும் துகள்தான் கீழே இருப்பவற்றின் உணவு. எந்த இலை எவ்வளவு வேகமாகத் தீரும் என்பது மாறினால், அந்தப் பந்தி முழுவதும் மாறும்.

நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியாவின் கதை வேறு. தங்கமீன் வளர்ப்பவர்கள் கடையில் பிளாஸ்டிக் பையில் வாங்குவார்களே, மொய்னா, அதன் உறவு. கால்களை ஓயாமல் அசைத்துத் தண்ணீரிலிருந்து பாசியை வடிகட்டித் தின்னும். உடம்பு கண்ணாடி என்பதால் குடலில் பச்சை நிறம் நகர்வதையே பார்க்கலாம். அந்தக் குடலிலும் பாக்டீரியா உண்டு. அவற்றை அகற்றி வளர்த்த டாப்னியாக்கள் சிறுத்துப்போயின, குஞ்சுகளும் குறைந்தன. அதற்குப் பாசி கிடைப்பது மட்டும் போதாது, தின்றது உடம்பில் ஒட்டவும் வேண்டும்.

200 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 2,500 லிட்டர் நீரில் கரைத்தால் அந்த அளவு வந்துவிடும். வீட்டுக் கூரைமேல் இருக்கும் 200 கேலன் தொட்டிகள் கிட்டத்தட்ட மூன்று. ஆறுகளில் பொதுவாக இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவது என் நோக்கமல்ல.

என் நிகழ்ச்சியில் ஒரு நேயர் அக்கா கேட்டார்: "மிச்ச மாத்திரையை சிங்க்கில் ஊற்றிவிடலாமாம்மா?" வேண்டாம் அக்கா. அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் பழைய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். சிறுநீரில் போவதை நம்மால் தடுக்க முடியாது. வெறும் சளிக்காய்ச்சலுக்கு, அது வைரஸ் என்று தெரிந்தும், டாக்டரிடம் ஆன்டிபயாட்டிக் கேட்டு அடம்பிடிக்காமல் இருக்க முடியும்.