யோசனை சொன்னவரின் கடிதங்கள்

மந்திரியாய் இருந்தவர் செய்த காரியங்களுக்குச் சட்டப் புத்தகமும் கெஜட்டும் சாட்சி சொல்லும். பதவி ஏதும் ஏற்காமல், ஆள்பவரின் அருகே இருந்து யோசனை சொல்லிவிட்டுப் போனவர்களுக்கோ அத்தகைய சாட்சி கிடையாது. சொன்ன வார்த்தை காற்றோடு போய்விட, அதன் பலாபலன் மட்டும் ஜனங்களின் தலையில் வந்து விடியும். ஆகையால் அப்படிப்பட்டவர்களுடைய கடிதங்களும் குறிப்புகளும் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பது சரித்திர ஆசிரியர்களுக்கு மாத்திரம் உரிய கவலையன்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மட் நூலகத்தில் காப்பாற்றப்பட்டு வரும் பெர்னார்ட் பரூக்கின் தஸ்தாவேஜுகள் இதற்குத் தக்க உதாரணம்.

1870இல் தென் கரோலினாவில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்து, நியூயார்க்கில் கல்லூரிப் படிப்பை முடித்து, பங்குத் தரகர் கம்பெனி ஒன்றில் சேர்ந்த பரூக், முப்பது வயதைச் சுற்றியே பெருந்தனவந்தராகிவிட்டார். விலை ஏறும்போதும் லாபம், விழும்போதும் லாபம் என்று காணத் தெரிந்த அந்த மனிதரை, 1916இல் ஜனாதிபதி வில்ஸன் தேசப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் நியமித்தார். சில மாதங்களுக்குள்ளேயே சங்கடம் வந்தது. முதல் உலக யுத்தத்தில் வில்ஸன் சமாதான முயற்சி செய்யப்போகிறார் என்ற ரகசியம் முன்கூட்டியே கசிந்து, அதை வைத்துச் சிலர் பங்கு மார்க்கெட்டில் பணம் பண்ணிவிட்டதாகப் புகார் எழுந்து, 1917 ஜனவரியில் காங்கிரஸ் கமிட்டியொன்று விசாரித்தது. கையில் இல்லாத உருக்குக் கம்பெனிப் பங்குகளை விற்று, விலை விழுந்தபின் வாங்கிக் கொடுத்த வகையில் தமக்குச் சுமார் 4,76,000 டாலர் கிடைத்ததை பரூக் ஒளிக்கவில்லை. பத்திரிகையில் எல்லாரும் படித்த பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜின் பிரசங்கத்தைக் கண்டே விற்றதாகச் சொன்னார். குற்றம் ருசுவாகவில்லை. ஆனால் செல்வந்தர் ஒருவர் சர்க்காரின் செவிக்கு அருகே அமர்ந்தால் எழும் சந்தேகம், அன்று தொடங்கி அவரை விட்டு அகலவே இல்லை.

1918 மார்ச்சில் யுத்தத் தொழில் போர்டின் தலைமை அவரிடம் வந்தது. எந்த ஆலைக்கு முதலில் உருக்கு, எதற்கு முதலில் ரயில் வண்டி என்று வரிசை வகுப்பதே அதன் பிரதான வேலை. 287 வகைகளாகச் செய்யப்பட்டு வந்த மோட்டார் டயர்களைப் படிப்படியாக 9 வகைகளுக்குக் குறைக்கத் திட்டமிட்டது போன்ற சில்லறைக் காரியங்களில்தான் அந்தப் போர்டின் சாமர்த்தியம் நன்றாகத் தெரிகிறது.

டயர் விஷயம் இரண்டாம் யுத்தத்தில் வேறு ரூபத்தில் திரும்பியது. அமெரிக்காவுக்கு வேண்டிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. நம் தமிழ்த் தொழிலாளர் பால் எடுத்த மலேயா தோட்டங்களை 1942இன் தொடக்கத்தில் ஜப்பானியர் கைப்பற்றியதும் அந்த வழி அடைபட்டது. விஞ்ஞானிகளான கானன்ட், காம்ப்டன் இருவரையும் உடன் வைத்துக்கொண்டு பரூக் ஐந்தே வாரங்களில் தயாரித்த அறிக்கை, செயற்கை ரப்பர் தொழிலுக்கு ஒரே அதிகாரியை நியமிக்கும்படி சொன்னதோடு, பெட்ரோலுக்குத் தேசமெங்கும் ரேஷன் விதிக்கவும் சொன்னது. பெட்ரோல் பஞ்சம் அதற்குக் காரணமன்று. வண்டி ஓடாதிருந்தால் டயர் தேயாது என்பதே கணக்கு.

1946இல் அவர் சொன்ன யோசனை உலகத்தையே நோக்கியது. அணுசக்தியைச் சர்வதேச ஸ்தாபனம் ஒன்றின் வசம் ஒப்படைக்கலாம் என்று அச்சிசன், லிலியந்தால் ஆகியோரின் குழு வகுத்திருந்த திட்டத்தோடு, விதி மீறுவோருக்குத் தண்டனை உண்டு, அத்தண்டனையைத் தடுக்க எவருக்கும் வீட்டோ அதிகாரம் கிடையாது என்ற நிபந்தனையையும் சேர்த்து, ஜூன் 14ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் அணுசக்திக் கமிஷனில் அவர் சமர்ப்பித்தார். ருஷியா இணங்கவில்லை. டிசம்பர் 30ஆம் தேதி வாக்கெடுப்பில் பத்து நாடுகள் ஆதரித்தும், ருஷியாவும் போலந்தும் விலகி நின்றதால் திட்டம் ஏட்டளவில் நின்றது. அவருக்குத் துணை நின்றவர்களில் பலர் வால் ஸ்ட்ரீட் பழக்கமுள்ளவர்கள். அந்தப் பழக்கம் நிபந்தனையை எவ்வளவு இறுக்கியது, வாஷிங்டன் ராஜதந்திரிகளின் கருத்து எவ்வளவு தளர்த்தப் பார்த்தது என்பதை மேடைப் பிரசங்கம் சொல்லாது. அதற்கு முந்திய குறிப்புகளையும் கடிதங்களையும் தேதிவாரியாக வைத்துப் படித்தால்தான் புலப்படும்.

இங்கேதான் வாசகர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். தம் கீர்த்தியை வளர்ப்பதில் பரூக் அசிரத்தையாக இருந்தவரல்லர். பத்திரிகையாசிரியராயிருந்த ஸ்வோப் அவருடைய நெருங்கிய சகா. வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லஃபாயெட் பூங்காவின் பெஞ்சே தமது ஆபீஸ் என்ற பெயரை அவரும் விரும்பி ஏற்றார். 1957இலும் 1960இலும் சுயசரிதையை இரு பாகங்களாக வெளியிட்டார். சர்ச்சிலைப் போன்றவர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தைக் கண்டு பிரமித்து நின்றுவிடுகிறவர், கடிதத்தில் எழுதிய யோசனையெல்லாம் காரியமாயிற்று என்று எண்ணிவிடக்கூடும். 1948 தேர்தலில் பணம் திரட்டும் கமிட்டியில் சேர அவர் மறுத்தபோது, ஜனாதிபதி ட்ரூமன் கடுங்கோபத்தோடு எழுதிய கடிதம் அந்தப் பிரமையைத் தெளிவிக்கும்: ஆலோசகரின் செல்வாக்கு, கேட்பவரின் தயவு உள்ளவரைக்கும்தான்.

பூங்காவில் பேசியதைக் குறிப்பெடுத்தவர் இல்லை. டெலிபோனில் சொன்னதில் பெரும்பகுதியும் அவ்வாறே மறைந்தது. ஆகவே பிரின்ஸ்டனிலுள்ள பெட்டிகளைத் திறந்தவர், ஹைட் பார்க்கில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பத்திரங்களையும், இன்டிபென்டென்ஸ் நகரத்தில் ட்ரூமனின் பத்திரங்களையும் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர். என்ன யோசனை சொன்னார் என்பதற்கு ஆலோசகரின் பெட்டி ஆதாரம். அதில் எவ்வளவு எடுபட்டது என்பதற்குக் கேட்டவரின் பெட்டியே ஆதாரம். பரூக் தம் காகிதங்களைக் காப்பாற்றி வைத்ததால் ஜனங்களுக்கு வாய்த்த நன்மை, அவர் புகழைப் படிக்கலாம் என்பதன்று. அந்தப் புகழைச் சரிபார்க்கலாம் என்பதே.