கண் பார்த்ததும் கை ஒப்பியதும்

தியாகராய நகர் உஸ்மான் சாலை நகைக்கடைகளில் வளையல் வாங்குவோர், அதன் உட்புறத்தில் பொறித்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்கின்றனர். 2023 ஏப்ரல் முதல் ஆல்மார்க் தங்க நகைகளுக்கு அக்குறி கட்டாயம். கிரிப்டோ என நாம் வழங்கும் மறையீட்டு நாணயத்தை அனுப்புவோர் பார்க்க வேண்டிய குறியோ மிக நீண்டது. அத்தகைய நாணயங்களுள் ஒன்றான எத்தீரியத்தின் முகவரி ஒன்றில், முன்னொட்டை நீக்கினாலும், 40 இலக்கங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் 16 குறிகளுள் ஒன்று வரும். முதல் நான்கையும் இறுதி நான்கையும் மட்டும் பார்த்து அமைவோரே மிகுதி.

இப்பழக்கம் கள்வருக்கு எவ்வளவு எளிதாக இடங்கொடுக்கிறது என்பதைக் கணக்கே காட்டும். அந்த எட்டு இடங்களும் ஒத்துவரும் போலி முகவரியை ஆக்க ஏறத்தாழ 429 கோடி முயற்சிகள் வேண்டும். வரைகலை அட்டை பூட்டிய கணினிக்கு அது சில மணித்துளிப் பணி. நாற்பதும் ஒத்துவர வேண்டுமெனில், முயற்சிகளின் எண்ணிக்கை 49 இலக்க எண்ணாகும். எக்கணினிக்கும் அது இயலாது. ஆகவே கள்வர் அந்த எட்டையே குறிவைக்கின்றனர். போலி முகவரியிலிருந்து சிறு தொகையை அனுப்பி, நம் வரவு-செலவுப் பட்டியலில் அதனை இடம்பெறச் செய்கின்றனர். அடுத்த முறை நாம் அப்பட்டியலிலிருந்தே முகவரியை நகலெடுக்கிறோம். 2024 மே திங்களில் ஒருவர் ஏறத்தாழ 6.8 கோடி டாலரை இவ்வாறே அனுப்பிவிட்டார். பின்னர் அதன் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது அரிதினும் அரிதான நிகழ்வு. மற்றொரு வழியும் உண்டு: தீங்கு செய்யும் மென்பொருளான தீநிரல், நகலெடுத்த முகவரியை ஒட்டும் நொடியில் மாற்றிவிடும். ஒட்டிய பின்னரே, முழுமையாக, ஒப்பிட வேண்டும் என்பது இதனாலேயே.

மறையீட்டு நாணயப் பணப்பையின் (wallet) மீட்புச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தேர்ந்த 12 அல்லது 24 சொற்களே உடைமை முழுவதற்கும் திறவி. அவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்துக் கைப்பேசியில் வைப்போர் பலர். படங்களிலுள்ள எழுத்தைப் படித்து இச்சொற்களைத் தேடும் தீநிரல், ஆப்பிள், கூகுள் இரண்டின் செயலிக் கடைகளிலும் புகுந்திருந்ததை 2025 பிப்ரவரியில் காசுபர்சுகி (Kaspersky) என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர் வெளிப்படுத்தினர். தாளில் எழுதிப் பூட்டி வைப்பதே நன்று. இச்சொற்களைக் கேட்கும் "உதவி மையம்" எதுவாயினும் அது மோசடியே. இதற்கு விலக்கே இல்லை.

திறவியைக் காக்கும் தனிக்கருவி (hardware wallet) இருந்தால் போதும் என்பாரும் உளர். அதுவும் முழுக்காப்பு அன்று. 2024 சூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்னும் மறையீட்டு நாணயப் பரிமாற்றகத்தில் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்பு நாணயங்கள் கொள்ளை போயின. பலர் ஒப்பமிட்டாலன்றித் திறவாத பெட்டகம் அது. ஆயினும் திரையில் தெரிந்தது ஒன்று, ஒப்பமிடப்பட்டது மற்றொன்று என அந்நிறுவனம் கூறியது. வடகொரியக் கள்வரின் செயல் இதுவென அமெரிக்கா, சப்பான், தென்கொரியா மூன்றும் 2025 சனவரியில் அறிவித்தன. அடுத்த திங்களில் பைபிட் பரிமாற்றகம் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்ததும் இம்முறையிலேயே. மறையீட்டுக் கணிதம் எங்கும் உடையவில்லை. ஒப்பமிடுவோரால், தாம் எதற்கு ஒப்பமிடுகிறோம் என்பதைக் கருவியின் சொந்தத் திரையில் படிக்க இயலவில்லை. பொருள் விளங்காத எண்கோவை தோன்றினால் மறுத்துவிடும் துணிவு வேண்டும்.

வாசிர்எக்ஸ் கொள்ளையில் திருடப்படாத தம் நாணயங்களும் முடக்கப்பட்டதை எதிர்த்து, ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். மறையீட்டு நாணயம் உடைமையே, அதனை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என 2025 அக்டோபர் 25 அன்று நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். எளிய பயனருக்குக் கிடைத்த பெரும் வலிமை இது. எனினும், பெயரறியாக் கள்வனின் பணப்பைக்குச் சென்றதை நீதிமன்ற ஆணை தானாக மீட்டுத் தராது.

மீட்புச் சொற்கள் வெளிப்பட்டன என ஐயம் எழுந்தால், கடவுச்சொல்லைப் போல் அவற்றை மாற்ற வழியில்லை. தூய கருவியில் புதிய பணப்பை ஆக்கி, எஞ்சியதை அப்பொழுதே பெயர்க்க வேண்டும். உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, பரிமாற்றக் குறியெண்ணையும் சென்ற முகவரியையும் தர வேண்டும். திருடிய நாணயம் ஒரு பரிமாற்றகத்தை அடையும் முன் அந்நிறுவனத்துக்குத் தகவல் சென்றால், அங்கே அதை முடக்க வாய்ப்புண்டு.