ஆஸ்பத்திரிக்கு அப்பால் ஒரு வேலூர்

சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும், சிநேகிதர்களோடு புறப்படுங்கள்!

"வேலூருக்குப் போகிறேன்" என்று போளூரில் ஒருவர் சொன்னால், "ஐயையோ, யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றுதான் எதிரே நிற்பவர் கேட்பார். ஆரணியில் தறிக்காரர் வீட்டிலும் இதே கேள்விதான். உள்ளூர் வைத்தியத்துக்கு மசியாத நோய் எதுவானாலும் அடுத்த பிரயாணம் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு. 1900-ம் ஆண்டில் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் அம்மாள் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை அது. இன்று அதன் பெயரைக் கேளாதவர் இல்லை.

முன்பெல்லாம் வேலூர் போக இன்னொரு காரணமும் இருந்தது. 1911 முதல் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகர் அதுதான். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகும் வரை, போளூர்க்காரருக்கும் ஆரணிக்காரருக்கும் கலெக்டர் கச்சேரி அங்கேதான். மனுவைச் சுமந்து போவார்கள். இல்லாவிட்டால் மருந்துச் சீட்டைச் சுமந்து போவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோட்டையைப் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கவலையோடு போகிறவன் கோட்டையையா பார்ப்பான்?

ஆகவே, கவலை இல்லாத போதே ஒரு தடவை போய் வரவேண்டும்.

நாலு "இல்லை"கள்

போளூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோ மீட்டர். ரயிலில் போனால் ஆரணி ரோடு, கண்ணமங்கலம் தாண்டி வேலூர் கண்டோன்மெண்டில் இறங்கலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் வழியெல்லாம் மலைகள் துணைக்கு வரும்.

வேலூரைப் பற்றி ஒரு கேலி வெகுகாலமாக வழங்கி வருகிறது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை! ஊரின் சரித்திரம் முழுவதும் இந்தக் கேலிக்குள் அடங்கிக் கிடக்கிறது. இவற்றில் ஒரு "இல்லை" இப்போது பொய்யாகிவிட்டது என்பதுதான் விசேஷம்.

ராஜா இல்லாத கோட்டை

கருங்கல் மதில், அதைச் சுற்றி அகன்ற அகழி, உள்ளே 133 ஏக்கர் நிலம். தென்னாட்டில் தரையிலே கட்டிய கோட்டைகளில் இதற்கு இணை சொல்வது கடினம். விஜயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் காலத்தில், 16-ம் நூற்றாண்டில் எழுந்தது இது.

இந்த நாயக்கருக்கும் ஆரணிச் சீமைக்கும் ஓர் உறவு உண்டு. ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள அடையபலத்தில் பிறந்த மகா பண்டிதர் அப்பைய தீட்சிதரை ஆதரித்தவர் இவர்தான். தீட்சிதர் "சிவார்க்கமணி தீபிகை" எழுதியதற்காக அவருக்குப் பொன்னால் அபிஷேகமே செய்தார். அந்தச் செய்தி அடையபலம் கோயிலில் கல்வெட்டாகவே இருக்கிறது. கோட்டை வாசலில் நிற்கும் ஆரணிக்காரர், "எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பொன் சொரிந்த வாசல் இது" என்று தாராளமாகப் பெருமைப்படலாம்.

அப்புறம் கோட்டை கை மாறிக்கொண்டே போயிற்று. பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், நவாபு, கடைசியில் கும்பினியார். ஆண்ட ராஜாக்கள் போய், அடைபட்ட ராஜாக்கள் வந்தார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் இங்கேதான் வைத்தார்கள். இலங்கையின் கடைசி அரசரான கண்டி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1815-ல் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டார். 1832-ல் சிறையிலேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது.

1806, ஜூலை 10

கோட்டைக்குள் நண்பர்கள் சற்று நேரம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மீரத்தில் 1857-ல் நடந்த சிப்பாய்க் கலகம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மதிலுக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

சென்னைப் பட்டாளத்தின் சேனாதிபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்கு ஒரு புது உத்தரவு போட்டார். நெற்றியில் மதக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசையை அளவாகக் கத்தரிக்க வேண்டும். தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் குஞ்சம் வைத்த, தொப்பி போன்ற ஒன்று வந்தது. இந்துவுக்கும் பொறுக்கவில்லை, முஸ்லிமுக்கும் பொறுக்கவில்லை. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

ஜூலை 10-ந் தேதி விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. வெள்ளைக்காரர் சுமார் 130 பேர் மாண்டார்கள். கொடிமரத்தில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆனால் சிப்பாய்கள் வாசலைக் காக்கவில்லை. பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப் படையோடு பறந்து வந்தார். மேலேயிருந்து தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி வாசலைப் பிளந்தது. பொழுது உச்சிக்கு வருமுன் எல்லாம் முடிந்தது.

அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேர் அளவில் வெளியே இழுக்கப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் அந்த உத்தரவும் அதே மாதத்தில் வாபஸ் ஆயிற்று. கவர்னர் வில்லியம் பெண்டிங்க், கிரடாக் இருவரையும் 1807-ல் சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

செத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்குள் மக்கான் பக்கத்தில் அவர்களுக்காக ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 2006-ல், இருநூறாவது ஆண்டில், தபால் தலையும் வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் ஆயிரக்கணக்கான ஜனங்களில் அந்தத் தூண் எதற்கு என்று அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

சாமி திரும்பி வந்தார்

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில். கோபுரம் தாண்டியதும் கலியாண மண்டபம். அங்கே அவசரப்படக்கூடாது. தூணுக்குத் தூண் யாளியும் குதிரை வீரரும் சீறுகிறார்கள். ஒரு பக்கம் பார்த்தால் யானை, மறு பக்கம் பார்த்தால் காளை. இரண்டுக்கும் தலை ஒன்று! பட்டுக் கரையில் அன்னமும் யாளியும் ஓட்டத் தெரிந்த ஆரணி நெசவாளர் கூட வந்தால், கல்லில் அதைச் செய்தவனின் கை அவருக்குச் சட்டென்று புரியும். இந்த மண்டபத்தைப் பெயர்த்துச் சீமைக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர் எண்ணியதாகவும், வரவேண்டிய கப்பல் கடலில் மூழ்கிவிட்டதாகவும் ஊரில் சொல்வார்கள்.

யுத்தங்களால் இந்தக் கோயிலில் பூசை நின்றது. மூலவர் வெளியேறினார், கும்பினியார் காலத்தில் கோயில் ஆயுதக் கிடங்காயிற்று. சுமார் 400 ஆண்டு கருவறை வெறுமையாக இருந்ததாகக் கணக்குச் சொல்வார்கள். 1981 மார்ச் 16-ந் தேதி, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை ஊர் மக்கள் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். அன்றோடு "சாமி இல்லாத கோயில்" என்ற பேச்சு பொய்யாயிற்று. ஒரு ஊர் மனம் வைத்தால் நானூறு வருஷக் குறையும் தீரும் என்பதற்கு இது சாட்சி.

இதே கோட்டைக்குள் மசூதியும் மாதாகோயிலும் அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. சனிக்கிழமைப் பொழுது இதற்கே சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் பாலாற்றங்கரை. கண்டி அரசரைப் பார்த்துவிட்டு, மேற்கே விரிஞ்சிபுரம் போகலாம். மார்க்கபந்தீசுவரர், வழித்துணைநாதர். பிரயாணம் செய்பவர்களுக்குத் துணை என்று பெயரே சொல்கிறது. பாலாறு பெரும்பாலும் மணல்தான். நல்ல மழை பெய்த வருஷம் தண்ணீரும் பார்க்கலாம். தங்கக் கோயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருமலைக்கோடிக்குத் திரும்பலாம். 2007-ல் கட்டி முடித்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வேலூர் வெயில் பேர்போனது. சித்திரை, வைகாசியில் போகாதீர்கள். மார்கழி, தை மாதமே சிலாக்கியம்.

திரும்பும்போது மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. காம்பில் முள் குத்தும். குழம்பில் போட்டால் வெண்ணெய். வேலூரிலிருந்து மாத்திரைப் பொட்டலம் இல்லாமல் கத்திரிக்காயோடு வருகிறவரை வீட்டார் வாசலிலேயே வரவேற்பார்கள்!