கடலோரக் குரலும் கணிப்பொறிக் கட்டளையும்

பாம்பன் துறையில் நின்று ஒருவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து பார்த்திருக்கிறீர்களா? திரும்பப் போட்டுக் கேட்டால் பேச்சைவிடக் காற்றின் இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். அந்த இரைச்சலை நீக்க முடியுமா? முடியும். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் பெரும் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது. அந்த இரவைச் சிறுவனாகக் கண்ட ஒரு மீனவப் பெரியவரின் பேச்சைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். கோப்பு பெரிதாக இருந்தது. அதை மிகச் சிறிதாகச் சுருக்கிக்கொண்டு, இடம் போதவில்லை என்று மூலப் பதிவை அழித்துவிட்டேன். பிறகு ஒரு நாள் காற்றிரைச்சலை நீக்க முயன்றேன். இரைச்சல் போயிற்று. ஆனால் பெரியவரின் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. மறுபடி பதிவு செய்யலாம் என்று போனபோது அவர் உயிருடன் இல்லை.

என்ன நடந்தது? இதைப் புரிந்துகொள்ளச் சற்று இயற்பியல் தேவை.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். கணிப்பொறிக்கு எண்கள் மட்டுமே தெரியும். ஆகவே அந்த அழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறோம். இசைத் தட்டுகளில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஏன் இத்தனை?

கடல்மட்டம் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்குகிறது. நீங்கள் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு மட்டும் போய்ப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஓர் அலைவைப் பிடிக்க வேண்டுமானால், அது ஒரு முறை ஏறி இறங்குவதற்குள் இரண்டு முறைக்கு மேல் அளக்க வேண்டும். மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இரு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வைத்ததுதான் 44,100.

ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட் இடம் வேண்டும். ஒரு நொடிக்கு 88,200 பைட்; ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 317 மெகாபைட். பெரியவரின் பேச்சு இவ்வளவு இடத்தை அடைத்தது. அதை நான் 7 மெகாபைட்டாகச் சுருக்கினேன்.

எழுத்தால் ஏவும் கருவி

இந்த வேலைகளுக்கு ‘கட்டளை வரி’ என்ற முறை மிகவும் ஏற்றது. இதில் படங்களும் பொத்தான்களும் இல்லை. வேண்டியதை ஒரே வரியில் எழுதி, விசைப்பலகையில் ‘என்டர்’ தட்டினால் கணிப்பொறி செய்துவிடும். ‘சாக்ஸ்’ என்ற ஒலிக் கருவி 1991-இலும், ஒலி, காணொளி இரண்டையும் கையாளும் ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்பது 2000-இலும் தோன்றின. பின்னதைத் தொடங்கியவர் பிரான்சு நாட்டின் ஃபாப்ரிஸ் பெல்லார். இரண்டையும் காசில்லாமல் பெறலாம். பழைய கணிப்பொறியிலும் இவை ஓடும்.

எஃப்.எஃப்.எம்பெக் கட்டளையின் அமைப்பு எளிது. முதலில் கருவியின் பெயர். அடுத்து உள்ளே செல்லும் கோப்பு. பிறகு செய்ய வேண்டிய வேலை. கடைசியில் வெளியே வரும் கோப்பு. ‘எஃப்.எஃப்.எம்பெக், முதல் பதிவை எடு. 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதைக் குறை. இரண்டாம் பதிவாக எழுது’ என்பதே அதன் பொருள். இதே வேலையை நாற்பது கோப்புகளுக்கும் செய் என்று ஏவிவிட்டு நாம் தூங்கப் போகலாம். மேலும், எழுதிய வரியைச் சேமித்து வைத்தால், என்ன செய்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலைக்கண்ணும் காற்றும்

வலைக்கண்ணின் அளவைப் பொறுத்துச் சிறு மீன் நழுவும், பெரு மீன் சிக்கும் அல்லவா? ஒலி வடிகட்டியும் அத்தகையதே. ஒலிவாங்கியில் காற்று மோதும் இரைச்சலின் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பேச்சைப் புரியவைக்கும் ஒலிகளோ பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளன. பழைய தொலைபேசிகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தின; அப்படியும் பேச்சு புரிந்தது. ஆகவே 100 ஹெர்ட்சுக்குக் கீழே குறைத்தால் காற்று அடங்கும், சொல் தங்கும்.

மடித்த வலையும் காய்ந்த கருவாடும்

சுருக்குவதில் இரு வகை உண்டு. முதல் வகை, வலையை மடித்து வைப்பது போன்றது. இடம் குறையும், விரித்தால் ஒரு கண்ணும் குறையாமல் பழைய வலை கிடைக்கும். ‘ஃபிளாக்’ என்ற முறை இத்தகையது. கோப்பு ஏறக்குறையப் பாதியாகும்.

இரண்டாம் வகை, மீனைக் கருவாடாக்குவது போன்றது. எடை வெகுவாகக் குறையும். ஆனால் கருவாட்டை எவ்வளவு நேரம் நீரில் ஊறவைத்தாலும் பச்சை மீன் ஆகாது. ‘எம்.பி.3’ இந்த வகை.

எம்.பி.3 எதை எறிகிறது? விசைப்படகின் எஞ்சின் அருகே இரைந்தால் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நம் காதில் விழுவதில்லை. பேரொலி சிற்றொலியை மறைத்துவிடுகிறது. மறைந்து கேட்காத ஒலியைச் சேமிப்பானேன் என்று இம்முறை அதை விட்டுவிடுகிறது. இப்போது என் தவறு உங்களுக்கே விளங்கும். காற்று இரைந்துகொண்டிருக்கும்போதே சுருக்கினேன். கருவி தன்னிடமிருந்த சொற்ப இடத்தைக் காற்றுக்குச் செலவிட்டு, அதன் அடியில் மறைந்த குரலின் நுட்பங்களை எறிந்துவிட்டது. பின்னர் காற்றை நீக்கியபோது அங்கே குரல் முழுமையாக இல்லை. முதலில் வடிகட்டி, பிறகு சுருக்கியிருக்க வேண்டும். மூலத்தைத் தொடாமலும் இருந்திருக்க வேண்டும்.

பாலமும் அலையும்

காணொளியில் இந்தத் தேவை இன்னும் பெரிது. 1,920-க்கு 1,080 படப்புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படங்கள் என்றால், சுருக்காத காணொளிக்கு நொடிக்கு 155 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். எனவே ஒரு படத்தை முழுதாக எழுதி, அடுத்து வரும் படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் செல்வதை அசையாத கேமராவில் எடுத்தால், பாலம் அப்படியே நிற்கிறது. அதை மீண்டும் மீண்டும் எழுத வேண்டாம். ஆனால் கீழே உள்ள கடலைப் பாருங்கள்! ஒவ்வொரு புள்ளியும் ஓயாமல் மாறுகிறது. எனவே கடலைச் சுருக்குவது கடினம். மலிவாகச் சுருக்கிய படங்களில் பாலம் தெளிவாகவும் அலைகள் கட்டம் கட்டமாகவும் தெரிவது இதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

மின்விசிறிக்கு அருகில் நின்று “சங்கு, சிப்பி, சுறா” என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதன் படியில் நொடிக்கு அளக்கும் எண்ணிக்கையை 8,000 ஆக்குங்கள். 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை போய்விடும். சகர ஒலி மங்குவதைக் கேட்பீர்கள். இன்னொரு படியை வடிகட்டிச் சுருக்குங்கள். மற்றொன்றைச் சுருக்கி வடிகட்டுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி 90.4 மெகாஹெர்ட்சில் தொடங்கப்பட்டது. கடலோர மக்களின் பேச்சு ஒலிபரப்பத் தக்கது, காக்கத் தக்கது என்பதற்கு இது சான்று. 1964-இன் புயலைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது முதியவர்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் இன்றே அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். மூலப் பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். சோதனைகளையெல்லாம் படியின்மேல் மட்டும் செய்யுங்கள்.